கொடிமலைக்கு நடந்து ஏறுவோர் சார்பில் ஒரு திறந்த மடல்

பினாங்குக் கொடிமலையின் காட்டுப் பாதைகளுக்கும் ஜீப் சாலைக்கும் பொறுப்பேற்றிருக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். கடந்த இருபத்திரண்டு ஆண்டுகளாக, மழை வலுக்காத சனிக்கிழமைகளில், விடியும் முன்பே தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து கொடிமலை உச்சிக்கு நடந்து போகிறவர்களில் நானும் ஒருவன். ஓய்வு பெற்ற ஆசிரியன். எந்தச் சங்கத்தின் தலைவனாகவும் இதை எழுதவில்லை. எங்கள் கூட்டத்துக்குப் பெயரும் இல்லை, பதிவும் இல்லை. ஒருவரையொருவர் "ஏறியாச்சா? இறங்கறீங்களா?" என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம், அவ்வளவுதான். பூங்கா அடிவாரத்திலிருந்து உச்சிக்குக் கேபிள் கார் வரவிருக்கும் இந்நேரத்தில், அதே அடிவாரத்திலிருந்து காலால் ஏறுகிறவர்கள் குறித்துச் சில சொற்கள் எழுத வேண்டியது என் கடமை என்று தோன்றியது.

கேபிள் காரை நான் எதிர்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தந்தைக்கு எண்பத்தைந்து வயதாகிறது. இன்னொரு முறை மேலிருந்து துறைமுகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினால், ரயிலிலோ கேபிள் காரிலோதான் அழைத்துப் போக முடியும். நான் கேட்பது ஒன்றே: மலைக்குப் போகும் வழிகளை நீங்கள் எண்ணும்போது ரயில், கேபிள் கார் என்று இரண்டோடு நிறுத்திவிடாமல், நடையையும் மூன்றாவது வழியாக எண்ணுங்கள். நடக்கிறவர்கள் சீட்டு வாங்குவதில்லை, ஆகவே சீட்டுக் கணக்கில் வருவதுமில்லை. கணக்கில் வராதவர்களைத் திட்டத்தில் மறந்துபோவது எந்த அலுவலகத்துக்கும் எளிது. அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இருக்க வேண்டியதில்லை.

உண்மையில் நடைதான் இந்த மலையின் மூத்த வழி. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் 1786இல் தீவில் கொடியேற்றியபின், 1788 வாக்கில் ஸ்ட்ராபெரி பயிரிடுவதற்காகக் காட்டை வெட்டி மேலே ஒரு தடம் போட்டதாகச் சொல்லப்படும் இடத்தில் இந்தக் கதை தொடங்குகிறது. பிறகு கோடை தணிக்க வந்த துரைமார்களின் பங்களாக்களும், கப்பல் வருகையைக் கீழே கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அறிவிக்கும் கொடிக்கம்பமும் எழுந்தன. கொடிமலை என்று நாமும், புக்கிட் பெண்டேரா என்று மலாய்க்காரர்களும் அழைப்பது அந்தக் கம்பத்தை வைத்துத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய முதல் ரயில் முயற்சி ஓடாமலே போனது. இரண்டாவது முயற்சியில்தான் 1923 அக்டோபரில் ரயில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளும் இந்த மலைக்கு வந்த ஒவ்வொரு மூட்டையும், ஒவ்வொரு நாற்காலியும், நடக்க மனமில்லாத ஒவ்வொரு துரையும் குதிரையின் முதுகிலோ மனிதனின் தோளிலோதான் ஏறினார்கள். டோலி தூக்கியவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்கள் மிதித்த சரிவில்தான் நாங்கள் இப்போது உடல்நலத்துக்காக மூச்சிரைக்கிறோம். யோசித்துப் பார்த்தால் சற்றுக் கூச்சமாகவும் இருக்கிறது.

நடக்கிற வழி எப்படிப்பட்டது என்பதை, வாகனத்தில் மட்டும் போய்வந்தவர்களுக்காக விவரிக்க அனுமதியுங்கள். பூங்கா வாசலிலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் ஜீப் சாலை; அந்தத் தூரத்தில் எழுநூறு மீட்டர் அளவுக்கு உயர வேண்டும். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் நடந்து முடிக்கும் தூரத்துக்கு இங்கே இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. என் வயதில் இன்னும் கால்மணி கூடுதல். தார் நின்று சிமெண்டு தொடங்கும் செங்குத்தான வளைவுகளில், வண்டிச் சக்கரம் வழுக்காமலிருக்கக் குறுக்கே கீறிய வரிகள் காலணியின் அடியில் தட்டுப்படும். ஏறும்போது அந்த வரிகள் துணை. இறங்கும்போது, பாசி பிடித்த நாட்களில், அவையே எதிரி. எங்களில் மூத்த சீனப் பாட்டிமார் சிலர் அந்த இடங்களில் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நெய்வது போலக் குறுக்காக நடந்து இறங்குவார்கள். முழங்கால் வலி முற்றியவர் ஒருவர் பின்னோக்கியே நடப்பார். தொடக்கத்தில் இதைப் பார்த்துச் சிரித்தவன் நான். இப்போது நானும் நெய்கிறேன்.

இந்தச் சாலையில் மலைவாசிகளின் வண்டிகளும் சரக்கு ஜீப்புகளும் வருகின்றன. வரத்தான் வேண்டும், மேலே குடியிருப்பவர்களுக்கு அரிசியும் எரிவாயுவும் வேறெப்படிப் போகும்? ஓட்டுநர்களில் பெரும்பாலோர் எங்களை முகம் பார்த்து அறிந்தவர்கள். வளைவுக்கு முன்பே ஒலியெழுப்பி, கையசைத்துப் போகிறவர்கள். சிக்கல் ஒதுங்கும் இடத்தில் இருக்கிறது. ஜீப் வரும்போது நாங்கள் ஒதுங்க வேண்டிய பக்கத்தில் பல இடங்களில் இருப்பது திறந்த வடிகால். இருட்டில், ஈரச் சருகு நிரம்பிய வடிகாலுக்கும் தரைக்கும் வேற்றுமை தெரிவதில்லை. எல்லா வடிகாலையும் மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மூடினால் தூர்வார முடியாது என்பது எனக்கும் தெரியும். எதிர்வரும் வண்டி தெரியாத வளைவுகளில் மட்டும் பத்தடி நீளத்துக்கு இரும்புக் கம்பி மூடி போட்டால், ஒதுங்க ஓர் இடம் கிடைக்கும். கம்பியைத் தூக்கிச் சருகையும் அள்ளலாம்.

வடிகாலைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டதால் அதையே சற்று நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மலையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. கொடிமலை கருங்கல் மலை. பாறையின் மேல் காலங்காலமாக உளுத்துப் பொடிந்த மண் போர்த்தியிருக்கிறது; மேலே காட்டின் வேர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு வடிகாலில் மரக்கிளை ஒன்று குறுக்கே விழுந்து, அதில் இலைகள் சேர்ந்து அடைத்துக்கொண்டால், தண்ணீர் சாலையைக் கடந்து பள்ளத்துப் பக்கம் வழியத் தொடங்குகிறது. முதல் வாரம் சாலையோரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கீறல் தெரியும். பிறகு மண் கரைந்து விளிம்பு தொங்கும். அதற்குப் பிறகு வரும் பெருமழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த மழையில் மலையெங்கும் சரிவுகள் ஏற்பட்டு இந்தச் சாலை துண்டாகி, மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அவ்வளவு பெரிய மழையை எந்த வடிகாலும் தாங்கியிருக்காது என்பது உண்மைதான். ஆனால் சாதாரண மழைக்குப் பிறகு எந்த வளைவில் தண்ணீர் குறுக்கே ஓடியது, எந்தக் கல் புதிதாக உருண்டு கிடக்கிறது என்பதை அன்றாடம் முதலில் பார்க்கிறவர்கள் நடந்து போகிறவர்கள். ஜீப்பில் போகிறவருக்கு விரலளவுக் கீறல் கண்ணில் படாது. எங்களிடம் கேளுங்கள். அடிவாரத்தில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதி வைத்து, "கீறல், சரிவு, அடைப்பு கண்டால் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சம்பளமில்லாத நூறு கண்காணிப்பாளர்கள் கிடைப்பார்கள்.

பாதை மூடப்படும் நாட்களைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். ஆபத்து என்றால் மூடத்தான் வேண்டும். அதில் எங்களுக்கு முணுமுணுப்பு இல்லை. ஏன் மூடினார்கள், எதுவரை என்ற இரண்டு விவரங்கள் பலகையில் இல்லாதபோதுதான் ஆட்கள் கயிற்றைத் தாண்டிப் போகிறார்கள். "மூடப்பட்டுள்ளது" என்று மட்டும் எழுதிய பலகை, இரண்டாவது வாரத்தில் மரத்தோடு மரமாகிவிடும். "மேலே மண் சரிந்துள்ளது, சுவர் கட்டப்படுகிறது" என்று எழுதினால், துணிச்சல்காரனும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பான். அதை மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் எழுதினால் நல்லது. தமிழுக்காக மட்டும் இதைக் கேட்பதாக எண்ண வேண்டாம். எங்களோடு ஏறும் சீனப் பாட்டிமார் பலருக்கு ஆங்கிலமும் வாசிக்க வராது, மலாயும் வராது.

காட்டுப் பாதைகளில் வேறொரு குறை. பூங்காவுக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் இருக்கும் அந்த வட்ட வாசலை, மூன் கேட்டை, பினாங்கில் அறியாதவர் இல்லை. அதன் வழியாக நுழைந்தால் வேர்களே படிகளாகிப்போன ஒரு பாதை, கிளை பிரிந்து கிளை பிரிந்து, ஜீப் சாலையோடு போய்ச் சேரும். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் கூட்டத்து அக்கா ஒருவர் அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். உதவிக்கு அழைத்தபோது மறுமுனையில் கேட்ட முதல் கேள்வி, "எங்கே இருக்கிறீர்கள்?" பக்கத்தில் ஒரு பலகை இருந்தது, அதன் மேல் பாசி படர்ந்து, நான் கைக்குட்டையால் தேய்த்தும் ஓர் அம்புக்குறி மட்டுமே தெரிந்தது. "ஒரு பெரிய பாறை, அதைத் தாண்டி இரண்டு மூங்கில் புதர்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கவில்லை. அக்காவின் கையைத் துண்டால் கட்டி, நடத்தியே இறக்கினோம். அந்தப் பாதைகளில் இருநூறு மீட்டருக்கு ஒரு கல், அதில் செதுக்கிய ஓர் எண், அந்த எண்ணின் இடம் மீட்புக்கு வருகிறவர்களின் வரைபடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே. பெயிண்டு வேண்டாம், இந்த மலையில் பெயிண்டை ஈரம் தின்றுவிடும். செதுக்கிய எண்ணை விரலால் தடவியாவது படித்துவிடலாம்.

ஜீப் சாலையின் நடுவில் 84 என்ற எண்ணாலேயே எல்லோரும் அழைக்கும் ஓய்விடம் இருக்கிறதே, அதை நீங்கள் ஒருநாளாவது காலை ஏழு மணிக்கு வந்து பார்க்க வேண்டும். தன்னார்வத்தினர் தேநீர் காய்ச்சி வைத்திருப்பார்கள், விலை இல்லை, பக்கத்தில் இருக்கும் பெட்டியில் மனம் போல் போடலாம், போடாவிட்டாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வியர்வையில் நனைந்த மலாய்க்காரரும் சீனரும் நாமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சூடான கோப்பையை ஊதிக் குடிக்கும் இடம் அது. எங்களுக்கு இதற்குப் பெயர் தெரியும். இதே அடிவாரத்தில், தைப்பூசத்தன்று, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழி நெடுக நாங்கள் போடும் தண்ணீர்ப்பந்தல்தான் இது. தைப்பூசப் பந்தல் சில நாளில் பிரிக்கப்படும், இது ஆண்டு முழுவதும் நிற்கிறது. இதை மேம்படுத்துகிறேன் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், குத்தகைக்கு விட்டுவிடாதீர்கள். கூரை ஒழுகினால் கூரையை மட்டும் சரிசெய்யுங்கள்.

அடிவாரம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. கேபிள் கார் நிலையம் இயங்கத் தொடங்கியதும் பேருந்துகள் வரும், வரிசை வரும், கடைகள் வரும். எங்கள் நடை தொடங்குவது காலை ஐந்தே முக்கால் மணிக்கு. பினாங்கில் சூரியன் ஏழைத் தாண்டித்தான் எழுகிறது என்பதால் அப்போது கும்மிருட்டு. நிலையத்தின் வேலை நேரத்துக்குத்தான் வாசல் திறக்கும், வாகன நிறுத்தம் திறக்கும் என்று ஒரு விதி வந்துவிட்டால், யாரும் நடையைத் தடைசெய்யாமலே நடை நின்றுபோகும். ஒன்பது மணி வெயிலில் அந்தச் சிமெண்டு வளைவுகளை ஏறச் சொல்வது எழுபது வயதுக்காரருக்குச் செய்யும் நன்மை ஆகாது. ஆகவே, நிலையத்தின் வாசலோடு பின்னாமல், நடப்போருக்கென்று தனியாக ஓர் ஒற்றையடி நுழைவு, பூட்டில்லாமல், எப்போதும் திறந்திருக்கட்டும். அலங்கார வளைவும் விளக்கும் வேண்டாம். நான் இருட்டைக் கேட்கிறேன் என்று வியக்க வேண்டாம்: லோத்தோங் குரங்குகள் உச்சாணிக் கிளையில் விழித்துச் சோம்பல் முறிப்பதும், பெரிய கறுப்பு அணில் ஒன்று சாலைக்கு மேல் கிளைவிட்டுக் கிளை தாவுவதும், அந்த இருட்டு மெல்லக் கரையும் அரைமணி நேரத்தில்தான் காணக் கிடைக்கின்றன. 2021இல் யுனெஸ்கோ இந்த மலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. அந்த உயிர்க்கோளம் விழித்தெழும் நேரத்தில் மாலை விருந்து விளக்குகளைப் போட்டு எழுப்ப வேண்டியதில்லை.

உச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. உணவுக் கடைகள் இருக்கின்றன. ரயில் நிலையத்தில் ஆள் நடமாட்டம் ஓய்வதில்லை. 2011க்குப் பிறகு வந்த புதிய ரயில் சில நிமிடங்களில் மேலே சேர்த்துவிடுகிறது. பழைய ரயிலில் நடுநிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும், அரைமணி நேரம் ஆகும்; அந்த மாறும் இடத்தில் காற்றைக் குடித்தபடி நின்ற நினைவு எங்கள் வயதுக்காரர் அனைவருக்கும் உண்டு. இப்போது மேலே வந்து சேர்கிறவர்கள் களைப்பே இல்லாமல் வருகிறார்கள், ஆகவே உட்கார இடம் வேண்டியிருப்பதில்லை, படம் எடுக்க இடம் போதும். இரண்டு மணி நேரம் நடந்து வந்தவனுக்கு வேண்டியது வேறு. கிழக்கு நோக்கிய ஒரு பெஞ்சு, எதையும் வாங்காமல் உட்காரலாம் என்ற நிலை, அவ்வளவே.

அந்தப் பெஞ்சு ஏன் கிழக்கு நோக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம்தான் துறைமுகம். கீழே ஜார்ஜ்டவுனின் செம்மண் நிறக் கூரைகளும், கொம்தார் கோபுரமும், நீரிணையின் சாம்பல் நிற நீரும், எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தின் பாரந்தூக்கிகளும், தெற்கே 1985இல் திறந்த முதல் பாலமும், வானம் தெளிந்தால் அதற்கப்பால் 2014இல் திறந்த இரண்டாவது பாலமும் ஒரே பார்வையில் அடங்கும். வடகிழக்கே, கெடாவின் ஜெராய் மலை நீலமாக எழுந்து நிற்கும். நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த கரைக்கு அந்த மலைதான் கடலிலிருந்து அடையாளம். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போன நாட்களில், பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் பிடித்த செய்தியை நான் ஒரு விரல் நீட்டிச் சொல்லி முடித்திருக்கிறேன்.

என் தந்தை ஜெராயைக் காட்டுவதில்லை. அவர் நீரிணையைத்தான் பார்ப்பார். 1948இல், எட்டு வயதில், நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலாக் கப்பலில் வந்தவர். பிறகு துறைமுகத்தில், நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களிலிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் தொங்கான்களில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். என்னை முதன்முதலில் இந்த மலைக்கு நடத்திக் கூட்டி வந்தவர் அவர்தான். அப்போது எனக்கும் எட்டு வயது. உச்சியில் என்னைத் தோளில் தூக்கி, "கப்பல்லேர்ந்து மொதல்ல தெரிஞ்சது கரை இல்லடா, இந்த மலைதான்" என்றார். தாம் கடலிலிருந்து பார்த்த மலையின் மேல் நின்று, தாம் வந்த கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று நான் கேட்டதெல்லாம் எப்போது ஐஸ்கிரீம் வாங்கித் தருவீர்கள் என்பதுதான்.

இவற்றுக்கெல்லாம் பெரும்பணம் வேண்டியதில்லை: சில வளைவுகளில் கம்பி மூடி, காட்டுப் பாதையில் எண் செதுக்கிய கற்கள், அடிவாரத்தில் ஒரு பலகை, பூட்டில்லா நுழைவு, மேலே ஒரு பெஞ்சு. ஆனால் இவற்றில் எதுவும் மேசையில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தால் புலப்படாது. எனவே, முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை எங்களோடு நடந்து வாருங்கள் என்று அழைக்கிறேன். ஜீப் பின்னால் வர வேண்டாம், புகைப்படக்காரரும் வேண்டாம். காலை ஐந்தே முக்காலுக்குப் பூங்கா வாசலில் இருப்போம். கைவிளக்கு ஒன்று, மாற்றுச் சட்டை ஒன்று, 84இல் கொடுப்பதற்கு ஒரு போத்தல் தண்ணீர் கூடுதலாக. முந்தைய நாள் கால்விரல் நகங்களை வெட்டிக்கொண்டு வருவது நல்லது. இறங்கும்போது கட்டைவிரல் காலணியின் முனையில் இடித்துக்கொண்டே வரும்.

மரியாதையுடன்,
சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒருவன்
ஜார்ஜ்டவுன், பினாங்கு